ஏழு மாதக் குழந்தைமீது என்ன சந்தேகம்?

அமெரிக்கக் காங்கிரஸின் பிரதிநிதிகள் சபை, செனட் ஆகிய இரு அவைகளின் நீதித்துறைக் குழு உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உறுப்பினர்களே,

இதே விஷயத்தை ஆங்கிலத்தில் ஒரு தடவை எழுதியாகிவிட்டது. என் தொகுதிப் பிரதிநிதிக்குப் பிப்ரவரியில் இரண்டு பக்கக் கடிதம் அனுப்பினேன். வெளிநாட்டில் பிறந்து பிற்பாடு அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்கள் அதிபர் ஆக முடியாது என்கிற அரசியல் சாசனத் தடையை நீக்க முன்வருவீர்களா என்பதுதான் அதில் நான் கேட்டிருந்த ஒரே கேள்வி. பதினோரு வாரம் கழித்துப் பதில் வந்தது. மூன்று பத்தி. முதல் பத்தியில் நன்றி, கடைசிப் பத்தியிலும் நன்றி. நடுப்பத்தி முழுக்க எல்லைப் பாதுகாப்பு. நான் எல்லையைப் பற்றி ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. 'வெளிநாட்டில் பிறந்தவர்' என்ற சொல்லைப் பார்த்ததும் அதற்கென்று தயாராக வைத்திருக்கும் பதிலை யாரோ எடுத்து அனுப்பிவிட்டார்கள் போலிருக்கிறது.

அதனால் இந்த முறை எனக்குக் கோபம் வரும் மொழியிலேயே எழுதுகிறேன். மொழிபெயர்த்துப் படிக்க உங்களிடம் ஆட்கள் உண்டு. தமிழ் படிக்கத் தெரிந்த வாக்காளர்களும் இந்த நாட்டில் நிறையப் பேர் இருக்கிறோம், அவர்களும் படிக்கட்டும்.

எங்கள் வீட்டு பீரோவில் நான்கு நீல நிறப் பாஸ்போர்ட்டுகள் இருக்கின்றன. ரப்பர் பேண்டு போட்டு ஒன்றாகக் கட்டி வைத்திருக்கிறேன். நான்கிலும் அதே கழுகு, அதே எழுத்து. ஆனால் பிறந்த இடம் என்ற வரியில் மட்டும், மகள் பாஸ்போர்ட்டில் டெக்சாஸ் என்றும் மற்ற மூன்றில் இந்தியா என்றும் இருக்கும். மகன் பிறந்தது 2004 ஜனவரியில், பாளையங்கோட்டையில். அவனைத் தூக்கிக்கொண்டு நாங்கள் டல்லாஸில் வந்து இறங்கியது அதே வருடம் ஆகஸ்டில். அப்போது அவனுக்கு ஏழு மாதம். குப்புற விழுந்து நீந்தத் தெரியும், பேச்சு வரவில்லை. பால் பவுடர் டப்பாவைச் சுங்கத்தில் திறந்து காட்டச் சொன்னார்கள். அவன் இந்த நாட்டுக்குள் கொண்டுவந்த வெளிநாட்டுப் பொருள் அது ஒன்றுதான்.

என் கணவரின் எச்-1பி விசா, அப்புறம் கிரீன் கார்டுக்கான காத்திருப்பு என்று வருடங்கள் ஓடின. 2009-இல் பிளேனோவில் மகள் பிறந்தாள். அவள் பிறந்த நாளில் எங்கள் வீட்டில் குடியுரிமை உள்ள ஒரே ஆள் அவள்தான். கிரீன் கார்டு 2012-இல் வந்தது. 2018-இல் நானும் கணவரும் உறுதிமொழி எடுத்தோம். மகனுக்கு அப்போது 14 வயது. 18 வயதுக்குக் கீழே இருந்ததால் எங்களோடு சேர்ந்து அவனும் தானாகவே குடிமகன் ஆகிவிட்டான். நீங்கள் 2000-ஆம் ஆண்டில் இயற்றிய குழந்தைகள் குடியுரிமைச் சட்டத்தின்படி. நல்ல சட்டம்தான், அதற்கு நன்றி உண்டு.

குடியுரிமைத் தேர்வுக்கு நான் படித்தது சாப்பாட்டு மேசையில். நான் தேர்வு எழுதிய காலத்தில் மொத்தம் 100 கேள்விகள், அதிகாரி 10 கேட்பார், 6 சரியாகச் சொன்னால் போதும். இரவு தோசை வார்த்துக்கொண்டே நான் பதில் சொல்லுவேன், பிள்ளைகள் இருவரும் மாறி மாறி அட்டையைப் பார்த்துக் கேள்வி கேட்பார்கள். ஒருநாள் மகன் கேட்ட கேள்வி: அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உள்ள ஓர் உரிமையைச் சொல்லு. இரண்டு விடைகள் அட்டையில் இருந்தன. மத்திய அரசுத் தேர்தலில் வாக்களிப்பது ஒன்று. மத்திய அரசுப் பதவிக்குப் போட்டியிடுவது இன்னொன்று. நான் இரண்டாவதைச் சொன்னேன். சரி என்று அட்டையைக் கீழே வைக்கப் போனவன், திரும்ப எடுத்துப் படித்துவிட்டு, "எல்லாப் பதவிக்குமாம்மா?" என்று கேட்டான். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் எட்டு வயது மகள் முந்திக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். "பிரசிடென்ட் கிடையாது. நான் ஆகலாம், அண்ணன் ஆக முடியாது" என்று சொல்லிவிட்டுச் சட்னியைத் தொட்டுக்கொண்டாள்.

அவள் கேலிக்குச் சொல்லவில்லை. வாய்ப்பாடு ஒப்பிப்பதைப் போலச் சொன்னாள். எனக்குத் தோசை கருகிவிட்டது.

நான் படித்த அந்தத் தேர்வுத் தாளில் அந்த விடைக்குக் கீழே 'இரண்டு பதவிகள் நீங்கலாக' என்று ஒரு வரி இல்லை. இதை ஒரு குற்றச்சாட்டாகவே சொல்கிறேன். குடிமக்கள் ஆகப் போகிறவர்களிடம் கொடுக்கும் புத்தகம் அது.

சாசனத்தின் இரண்டாவது பிரிவு எப்படி வந்தது என்று அதன்பிறகுதான் தேடிப் படித்தேன். 1787 ஜூலை 25 அன்று, அப்போது வெளியுறவுப் பொறுப்பில் இருந்த ஜான் ஜே, சாசனத்தை எழுதிய பிலடெல்பியா மாநாட்டுக்குத் தலைமை வகித்த வாஷிங்டனுக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். படைகளின் தலைமைத் தளபதிப் பொறுப்பு பிறவிக் குடிமகனைத் தவிர வேறு யாருக்கும் போகக் கூடாது என்கிறார். செப்டம்பரில் அது சாசனத்துக்குள் ஏறிவிடுகிறது. அதைப் பற்றி மாநாட்டில் ஒரு விவாதம் நடந்ததற்குக் குறிப்பே இல்லை. அன்றைக்கு அவர்களுக்கு இருந்த பயம் நியாயமானது. ஐரோப்பிய அரச குடும்பம் ஒன்றிலிருந்து யாரையாவது கூட்டிவந்து அரியணையில் உட்கார வைக்கப் போகிறார்கள் என்று வதந்தி ஓடிக்கொண்டிருந்தது. பிரஷ்ய இளவரசர் ஹென்றி, மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் இரண்டாவது மகன் என்று பெயர்களே அடிபட்டன. போலந்தில் மன்னர் தேர்தலில் அண்டை வல்லரசுகள் புகுந்து ஆட்டம் போட்டதையும், 1772-இல் அந்த நாட்டையே பங்குபோட ஆரம்பித்ததையும் அவர்கள் பார்த்திருந்தார்கள். நேற்று முளைத்த குடியரசுக்கு அந்தப் பயம் வரத்தான் செய்யும்.

ஆனால் அதே வரியில் தங்களுக்கு ஒரு வாசலும் வைத்துக்கொண்டார்கள். சாசனம் ஏற்கப்படும் நாளில் குடிமகனாக இருந்தால் போதும், எங்கே பிறந்திருந்தாலும் போட்டியிடலாம். சாசனத்தில் கையெழுத்திட்ட 39 பேரில் 7 பேர் வெளியே பிறந்தவர்கள். ஹாமில்டன் கரீபியன் தீவான நெவிஸில், ஜேம்ஸ் வில்சன் ஸ்காட்லாந்தில், ராபர்ட் மாரிஸ் இங்கிலாந்தில், மற்ற நான்கு பேர் அயர்லாந்தில். ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார் நான் யார் என்று எங்கள் ஊரில் சொல்வார்கள்.

உறுதிமொழி நாளன்று எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று உண்டு. எந்த அயல்நாட்டு இளவரசருக்கும், மன்னருக்கும், அரசுக்கும் இதுவரை இருந்த விசுவாசத்தை முற்றாகத் துறக்கிறேன் என்று வலது கையைத் தூக்கிக்கொண்டு சொல்ல வேண்டும். துறப்பதற்கு என்னிடம் இளவரசர் யாரும் இருக்கவில்லை. பாளையங்கோட்டையில் ஒரு ரேஷன் கார்டு இருந்தது. வாக்காளர் அடையாள அட்டை ஒன்று இருந்தது. இரண்டிலும் என் போட்டோ என்னைப் போலவே இருக்காது. ஆனாலும் அந்த வார்த்தைகளைச் சொன்னபோது குரல் நடுங்கியது உண்மை. வாசலிலேயே கிரீன் கார்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள், கையில் ஒரு குட்டிக் கொடியைக் கொடுத்தார்கள். பின்னாலிருந்த ஒரு பெரியவர் ஸ்பானிஷ் மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே அழுதார். இளவரசரைத் துறக்கச் சொல்லும் அந்த உறுதிமொழியை இந்த நாட்டில் இன்று உயிரோடு இருப்பவர்களில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டோர் எடுத்திருக்கிறோம். இங்கேயே பிறந்தவர்களில் பலர் வாழ்நாளில் ஒருமுறைகூட அதைச் சொன்னதில்லை. சொல்லச் சொல்லி யாரும் கேட்டதும் இல்லை.

இந்த இடத்தில் என் பக்கத்துத் தவறு ஒன்றையும் சொல்லியாக வேண்டும்.

2004 மே மாதம். பிரசவத்துக்காக வந்து அம்மா வீட்டிலேயே இருந்தேன். மகன் நான்கு மாதக் குழந்தை, சேலைத் தொட்டிலில் தூங்கிக்கொண்டிருக்கிறான். இந்தியாவில் தேர்தல் முடிவு வந்து, சோனியா காந்தி பிரதமர் ஆவாரா என்று டிவியில் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பிரதமரானால் தலையை மொட்டையடித்துக்கொள்வேன் என்று சுஷ்மா சுவராஜ் சொன்ன நேரம். நானும் அந்தக் கட்சிதான். அரசியல் கட்சியைச் சொல்லவில்லை, அந்த எண்ணத்தைச் சொல்கிறேன். "இத்தனை கோடிப் பேர்ல ஒரு ஆள் கிடைக்கலையா, இத்தாலியில பொறந்தவங்களைப் போயி" என்று எரிச்சலாகச் சொன்னேன். சாய்வு நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அப்பா கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "ஏட்டி, எம்.ஜி.ஆர். எங்க பொறந்தாரு?" என்றார். அது வேறு, இது வேறு என்றேன். "என்ன வேற? கண்டியில பொறந்தவரு. மலையாளின்னு மேடை போட்டுத் திட்டுனாங்க. நாம ஓட்டுப் போட்டோமா இல்லையா? பிடிச்சா போடு, பிடிக்கலன்னா போடாத. நிக்கவே கூடாதுன்னு சொல்ல நீ யாரு?"

1977, 1980, 1984 என்று மூன்று தேர்தல்களில் எம்.ஜி.ஆரை ஜெயிக்க வைத்தது தமிழ்நாடு. இந்தியாவில் குடியரசுத் தலைவர் ஆகவும் குடிமகனாக இருப்பது, 35 வயது நிறைவது போன்ற தகுதிகள்தாம் வேண்டும். பிறந்த இடம் எங்கே என்று சாசனம் கேட்பதில்லை. சோனியா கடைசியில் பதவி வேண்டாம் என்றுவிட்டார். பிரதமராக வந்த மன்மோகன் சிங் பிறந்த கிராமம் இன்று பாகிஸ்தானில் இருக்கிறது. அதையெல்லாம் யோசிக்கிற நிலையில் அன்றைக்கு நான் இல்லை. நான் எந்தத் தடையைச் சரி என்று வாதாடினேனோ அதே தடைக்குள், பக்கத்துத் தொட்டிலில் கிடந்த என் பிள்ளையையே மூன்று மாதத்தில் தூக்கிக்கொண்டு போகப் போகிறேன் என்று எனக்குத் தெரியாது. அப்பா இப்போது இல்லை. இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

நாங்கள் வந்து இறங்கிய இரண்டாவது மாதம், 2004 அக்டோபர் 5 அன்று, உங்களில் ஒரு குழுவான செனட் நீதித்துறைக் குழு இதே விஷயத்தில் விசாரணை நடத்தியிருக்கிறது. அப்போது குழுத் தலைவராக இருந்த ஆரின் ஹேட்ச், முந்தைய வருடமே ஒரு திருத்தத்தை முன்மொழிந்திருந்தார். குடியுரிமை பெற்று 20 வருடம் முடிந்தவர் அதிபர் பதவிக்குப் போட்டியிடலாம் என்பது அதன் சாரம். ஹேட்ச் யூட்டா மாநிலத்துக் குடியரசுக் கட்சிக்காரர், பழமைவாதி என்று பெயர் எடுத்தவர். கீழவையில் ஆர்கன்ஸா ஜனநாயகக் கட்சிக்காரரான விக் ஸ்னைடர் 35 வருடம் என்று கொஞ்சம் கடுமையாக ஒன்றைக் கொண்டுவந்தார். இரண்டு கட்சியிலும் ஆட்கள் இருந்தார்கள். ஆனால் அது 'அர்னால்டு திருத்தம்' என்று பெயர் வாங்கிவிட்டது. ஆஸ்திரியாவில் பிறந்த அர்னால்டு ஸ்வார்ஸனேகர் அப்போதுதான் கலிபோர்னியா ஆளுநர் ஆகியிருந்தார். ஒரு நடிகருக்காகச் சாசனத்தையே மாற்றுவதா என்று கேலி பேசி, வாக்கெடுப்புவரை வராமலேயே விஷயம் அடங்கிவிட்டது. கனடாவில் வான்கூவரில் பிறந்த ஜெனிஃபர் கிரான்ஹோம் அதே சமயம் மிச்சிகன் ஆளுநராக இருந்தார், இரண்டு முறை ஜெயித்தார். அவர் பெயரை யாரும் அதற்கு வைக்கவில்லை. எனக்குத் தெரிந்து திருத்தம் தோற்றதற்குப் பெரிய காரணம் அதன் நியாயத்தில் இல்லை, அதற்கு வாய்த்த முகத்தில் இருந்தது.

இப்போது உங்கள் குழுக்களையே எடுத்துக்கொள்வோம். செனட் குழுவில் எங்கள் மாநில செனட்டர் டெட் க்ரூஸ் இருக்கிறார். பிறந்தது கனடாவில், கல்கரியில். தாயார் அமெரிக்கக் குடிமகள் என்பதால் பிறக்கும்போதே குடிமகன். கனடியக் குடியுரிமையும் கூடவே இருந்தது, அதை 2014-இல்தான் துறந்தார். 2016-இல் அதிபர் வேட்பாளர் ஆவதற்குப் போட்டியிட்டார். போட்டியிட்டது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். பிரதிநிதிகள் சபைக் குழுவில் பிரமிளா ஜெயபால் இருக்கிறார். பிறந்தது சென்னையில், குடியுரிமை பெற்றது 2000-இல். சட்டம் எழுதலாம், அதிபர்மீது பதவிநீக்கத் தீர்மானம் வந்தால் வாக்களிக்கலாம், அதிபர் ஆக முடியாது. அதே சபையில் 2017-இல் நுழைந்த ராஜா கிருஷ்ணமூர்த்தி, தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, டெல்லியில் பிறந்து மூன்று மாதக் குழந்தையாக இங்கே வந்தவர். என் மகனைவிட நான்கு மாதம் இளையவராக வந்திருக்கிறார். அவர்மீதும் அதே சந்தேகம்.

எங்கள் தெருவில் மூன்றாவது வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள். சீனாவிலிருந்து பத்து மாதக் குழந்தையாகத் தத்தெடுத்து வந்தார்கள். பெற்றோர் இருவருமே பல தலைமுறையாக டெக்சாஸ்காரர்கள். தாத்தா கொரியப் போரில் இருந்தவர், அவர்கள் வீட்டு வாசலில் கொடி ஒருநாளும் இறங்காது. என் மகனும் அவளும் ஒரே பள்ளிப் பேருந்தில் போனவர்கள். அவளுக்குச் சீன மொழியில் எண்கள்கூடத் தெரியாது, டெக்சாஸ் இழுவையோடுதான் பேசுவாள். என்னைப் பற்றி உங்களுக்குச் சந்தேகம் இருந்தால் புரிந்துகொள்கிறேன். நான் 27 வயதில் வந்தவள், கிரிக்கெட் நடந்தால் இன்னும் எந்தப் பக்கம் கத்துவேன் என்று எனக்கே தெரியும். அந்தப் பெண்ணிடம் எந்த விசுவாசம் குறைகிறது என்று அவளுடைய அம்மாவுக்கு நீங்கள் எப்படி விளக்குவீர்கள்?

வெளிநாட்டுக் கை ஆட்சிக்குள் நுழையக் கூடாது என்ற கவலை எனக்கும் உண்டு. ஆனால் அது எந்த வழியாக நுழைகிறது என்று உங்கள் குழுக்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பணம் வழியாக, கடன் வழியாக, ஆசை வழியாக. சோவியத் ஒன்றியத்துக்கு ரகசியங்களை விற்ற சி.ஐ.ஏ. அதிகாரி ஆல்ட்ரிச் ஏம்ஸ் பிறந்தது விஸ்கான்சினில். எஃப்.பி.ஐ.க்குள் இருந்துகொண்டே அதே வேலை செய்த ராபர்ட் ஹான்சன் பிறந்தது சிகாகோவில். துரோகத்துக்கே மறுபெயராகிப்போன பெனடிக்ட் ஆர்னால்டு கனெக்டிகட்காரர். இன்னொரு பக்கம் ஜான் ஷாலிகாஷ்விலி. வார்சாவில் பிறந்தவர், 16 வயதில் இல்லினாய்ஸ் வந்தவர், 1993 முதல் 1997 வரை முப்படைத் தலைமைத் தளபதிகள் குழுவின் தலைவர். எந்தப் போலந்தின் கதையைக் கேட்டு இந்தத் தடை பயந்துகொண்டு பிறந்ததோ, அதே போலந்தில் பிறந்த ஒருவரிடம் ராணுவத்தின் மிக உயர்ந்த சீருடைப் பதவியைக் கொடுத்து நான்கு வருடம் நிம்மதியாகத் தூங்கியது இந்த நாடு. வெளியுறவு அமைச்சர்களாக இருந்த ஹென்றி கிஸிங்கரும் மேடலின் ஆல்பிரைட்டும் அதிபருக்கு அடுத்தடுத்த வரிசையில் நான்காவது இடத்தில் இருந்திருக்க வேண்டியவர்கள். ஒருவர் ஜெர்மனியில் பிறந்தார், ஒருவர் பிராகில் பிறந்தார், அதனால் வரிசை அவர்களைத் தாண்டிப் போனது. அணு ஆயுத ஒப்பந்தம் பேசக்கூடியவர் என்று நம்பினீர்கள்.

1964-இல் ஷ்னைடர் எதிர் ரஸ்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, பிறப்பால் குடிமக்களுக்கும் பின்னர் குடியுரிமை பெற்றவர்களுக்கும் கண்ணியம் ஒன்றுதான், சாசனம் காட்டும் ஒரே வித்தியாசம் அதிபர் பதவி மட்டும் என்று. ஒரே ஒரு வித்தியாசம்தானே, அதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். உங்கள் வீட்டில் யார் அதிபராகப் போகிறார்கள் என்றும் கேட்கிறார்கள். யாரும் போகவில்லை. தகுதி உள்ள மகளுக்கு மிருக வைத்தியர் ஆக ஆசை.

ஆனால் அந்த ஒரே வித்தியாசம் தன் இடத்தில் சும்மா இருப்பதில்லை. ஹவாயில் பிறந்த ஒபாமாவைப் பிறப்புச் சான்றிதழின் முழுப் பிரதியை 2011 ஏப்ரலில் வெளியிட வைத்தது. ஓக்லாந்தில் பிறந்த கமலா ஹாரிஸ் 2020-இல் துணை அதிபர் வேட்பாளர் ஆனதும், அவருக்குத் தகுதி உண்டா என்று ஒரு சட்டப் பேராசிரியர் கட்டுரையே எழுதினார். கமலாவின் தாய்வழிப் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் அவருக்காக அபிஷேகம் நடந்த படங்களை நாங்கள் பெருமையோடு பகிர்ந்துகொண்டிருந்தபோது, இங்கே அவருடைய பெற்றோரின் விசாவைத் தோண்டிக்கொண்டிருந்தார்கள். தென் கரோலினாவில் பிறந்த நிக்கி ஹேலி குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளர் ஆவதற்குப் போட்டியிட்டபோது, 2024 ஜனவரியில் அவரைப் பற்றியும் அதே பேச்சைப் பரப்பினார்கள். கதவில் இப்படி ஒரு பூட்டு தொங்கும்வரை, எங்கள் நிறத்தில் யார் வந்தாலும் சாவி இருக்கிறதா என்று பையைத் தடவிப் பார்க்கத்தான் செய்வார்கள். 2025 ஜனவரி 20 அன்று, தற்காலிக விசாவில் இருக்கும் பெற்றோருக்கு இங்கே பிறக்கும் குழந்தைக்கும் குடியுரிமை இல்லை என்று ஓர் ஆணை கையெழுத்தாகி நீதிமன்றங்களுக்குப் போனது. அது பழைய பிறப்புகளைத் தொடாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அன்றிரவு எழுந்துபோய் பீரோவைத் திறந்து மகளின் பிறப்புச் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்த்தேன். எச்-1பி விசாவில் இருந்தபோது பெற்ற பிள்ளை அவள்.

நீங்கள் சட்டத்தை மாற்றிய வரலாறும் எனக்குத் தெரியும். 1923-இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் வெள்ளையர்கள் இல்லை, ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று தீர்ப்பு வந்தது. 1946-இல் காங்கிரஸ் அதை மாற்றியது. 1920-இல் பஞ்சாபிலிருந்து வந்த தலிப் சிங் சௌந்த் 1949 வரை காத்திருந்து குடிமகன் ஆனார். அடுத்த வருடமே கலிபோர்னியாவில் ஒரு சின்ன ஊரின் நீதிபதித் தேர்தலில் ஜெயித்தார். குடியுரிமை பெற்று ஒரு வருடம் ஆகவில்லை என்று அந்த வெற்றி செல்லாமல் போனது. மறுபடி நின்றார், ஜெயித்தார். 1956-இல் பிரதிநிதிகள் சபைக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார். வருடக் கணக்கு வைத்தால் காத்திருக்கிறோம். எத்தனை வருடம் என்று சொல்லுங்கள் என்கிறோம், அவ்வளவுதான்.

2020 நவம்பர் தேர்தலில் என் மகன் வாக்குச்சாவடியில் வேலை பார்த்தான். டெக்சாஸில் 16 வயது நிரம்பிய மாணவர்களை உதவியாளர்களாகச் சேர்த்துக்கொள்வார்கள், குடிமகனாக இருக்க வேண்டும். விடிவதற்கு முன்னால் நான் கொண்டுபோய் விட்டேன். முகக்கவசம், கை சுத்தப்படுத்தும் திரவம், ஒரு டப்பா புளியோதரை. நாள் முழுக்க நின்று, ஓட்டுநர் உரிமத்தைப் பார்த்து, பெயரைச் சரிபார்த்து, வரிசையில் நிற்கும் வயதானவர்களுக்கு நாற்காலி போட்டிருக்கிறான். இரவு எட்டரைக்கு வந்து காரில் ஏறினான். ஒரு பெரியவர் ரொம்ப அன்பாகப் பேசி, எந்த ஊர் என்று கேட்டாராம். பிளேனோ என்றானாம். அதற்கு முன்னால் என்று கேட்டாராம். இந்தியா என்றானாம். "நீ இவ்வளவு பொறுப்பாக இருக்கிறாய், ஒருநாள் நீயே அதிபர் ஆவாய்" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனாராம். நீ என்ன சொன்னாய் என்று கேட்டேன். "தேங்க்ஸ்னு சொன்னேம்மா. பாவம், அவருக்குத் தெரியல" என்றான். காலணியைக் கழற்றிவிட்டு, மிச்சமிருந்த புளியோதரையைச் சாப்பிட்டுக்கொண்டே வந்தான்.

உறுப்பினர்களே, நான் கேட்பவை இவைதான்.

குடியுரிமை பெற்று 20 வருடம் நிறைந்தவர் அதிபர், துணை அதிபர் பதவிகளுக்குப் போட்டியிடலாம் என்ற திருத்தத்தை ஹேட்ச் விட்ட இடத்திலிருந்து எடுத்து, இரு அவைகளிலும் கூட்டுத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். 20 பயமாக இருந்தால் ஸ்னைடர் சொன்ன 35-க்கும் நான் தயார். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு, அப்புறம் 38 மாநிலங்களின் ஒப்புதல் என்று பாதை நீளம் என்பது தெரியும். என் ஆயுளில் முடியாமலும் போகலாம். தொடங்குங்கள்.

குழந்தைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களுக்கும் தத்துப் பிள்ளைகளுக்கும் அந்த ஆண்டுக் கணக்கு, அவர்கள் இந்த மண்ணில் கால் வைத்த நாளிலிருந்தே தொடங்கும்படி எழுதுங்கள். கிரீன் கார்டு வரிசையில் பெற்றோர் காத்திருந்த வருடங்களைப் பிள்ளையின் கணக்கில் கழிக்காதீர்கள்.

பகிரங்க விசாரணை ஒன்றை மறுபடி வையுங்கள். ஒரு நடிகரைச் சுற்றி அது சுழல வேண்டாம். படையில் இருந்தவர்களை, வாக்குச்சாவடியில் நின்றவர்களை, எங்கள் தெருவில் இருக்கும் அந்தப் பெண்ணைப் போன்றவர்களைக் கூப்பிடுங்கள்.

பனாமா கால்வாய்ப் பகுதியில் பிறந்த ஜான் மெக்கெய்னுக்காக 2008 ஏப்ரலில் செனட் ஒரு தீர்மானம் போட்டது, அவர் பிறவிக் குடிமகன்தான் என்று. அதைப் போலவே, இந்த மண்ணில் பிறந்து குடியுரிமை பெற்றவர்கள் பெற்றோரின் விசா எதுவாக இருந்திருந்தாலும் பிறவிக் குடிமக்கள்தான் என்று ஒரு தீர்மானம் போடுங்கள். இதற்குச் சாசனத் திருத்தம் தேவையில்லை, ஒரு பிற்பகல் போதும்.

இதெல்லாம் நடக்கும்வரை, குடியுரிமைத் தேர்வுக்கான பாடப் புத்தகங்களில் எங்கெல்லாம் பதவிக்குப் போட்டியிடும் உரிமை பற்றி வருகிறதோ அங்கெல்லாம் விதிவிலக்கையும் அச்சிடச் சொல்லுங்கள்.

கடைசியாக, இந்த மடலுக்கு ஆதரிக்கிறேன், எதிர்க்கிறேன் என்ற இரண்டில் ஒன்றைப் பதிலாக எழுதுங்கள். எதிர்த்தால் காரணத்தையும் சொல்லுங்கள். எல்லைப் பாதுகாப்பைப் பற்றிய பத்தி வேண்டாம், அது என்னிடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

இப்படிக்கு,
2018 முதல் ஒரு தேர்தலையும் தவறவிடாத வாக்காளர்,
பிளேனோ, டெக்சாஸ்